நாகை–காங்கேசன்துறை கப்பலில் ஆயாவை அழைத்துப் போக என்னென்ன காகிதம் வேண்டும்?

பள்ளத்தூர்ப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் தேருக்குக் குடும்பத்தோடு கிளம்பலாம் என்று வீட்டில் பேச்சு. நாகப்பட்டினத்தில் ஏறி இலங்கையின் காங்கேசன்துறையில் இறங்குவதாகத் திட்டம். விமானம் கூடாது என்பது எங்கள் ஆயாவின் (பாட்டி) உத்தரவு. ஐயா (தாத்தா) இளவயதில் கொழும்பில் செட்டியார் கிட்டங்கியில் (தொழில் நடத்தும் இடம்) அடுத்தாளாக, அதாவது பொறுப்பாளருக்கு அடுத்த நிலை ஆளாக, இருந்தவர். "அவுக கப்பல்லதான போய் வந்தாக, நான் மட்டும் எதுக்குப் பறக்கணும்?" என்கிறார்கள்.

நிலவரம் இதுதான். ஆயாவுக்கு வயது 78, பாஸ்போர்ட் கிடையாது, ஆதார் மட்டும் உண்டு. ஆதாரில் மீனாட்சி, வங்கிப் புத்தகத்தில் மீனாட்சி ஆச்சி. அப்பச்சியின் (அப்பா) பாஸ்போர்ட் டிசம்பரில் முடிகிறது. அம்மான் மகன் கோலாலம்பூரில் பிறந்தவன், மலேசியக் குடிமகன், இ-விசாவில் ஊருக்கு வருகிறான்; அவனும் எங்களோடு வரவேண்டும் என்று நிற்கிறான். கூடவே அக்காளின் 4 வயது மகள். எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.

கொப்புடையாள் துணை:

ரொம்ப யோசிக்காதீர்கள் ஆச்சி. நேபாளத்துக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டா எடுத்துக்கொண்டு போகிறார்கள்? இலங்கை அதைவிடப் பக்கம். வயசானவர்களுக்கு ஆதார் போதும் என்று எங்கள் தெருவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

செக்காலை டிக்கெட்:

அண்ணே, தெருவில் சொல்வதை இங்கே எழுதாதீர்கள், யாராவது நம்பிவிடப் போகிறார்கள். நேபாளம், பூட்டான் இரண்டுக்கும்தான் அந்தச் சலுகை. அங்கேகூட இந்தியருக்குப் பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை என்று ஏதாவது ஓர் அடையாளச் சான்று வேண்டும். இலங்கைக்கு எந்த வயதானாலும், ஒரே நாளில் திரும்பினாலும், பாஸ்போர்ட் இல்லாமல் கப்பல் படியில் கால் வைக்க முடியாது. நாகைத் துறைமுகத்தில் குடியேற்றம், சுங்கம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் விமான நிலையத்தில் நடப்பது போலவேதான். கடல்வழி என்பதால் ஒரு தாள்கூடக் குறையாது.

பேத்தி கேட்டதற்கு வருகிறேன். அப்பச்சியின் பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பிக்கக் கொடுங்கள். இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். ஆவணியில் போகிறவருக்கு டிசம்பரில் முடிகிற புத்தகம் உதவாது. "இன்னும் நாலு மாதம் இருக்கிறதே" என்று வாதாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; கவுண்டரில் அந்த வாதம் எடுபடாது. புதிய எண்ணோடு புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட், இ.டி.ஏ. (இலங்கைக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கும் முன் அனுமதி) எல்லாம். பழைய எண்ணில் இ.டி.ஏ. எடுத்துவிட்டுப் புதிய புத்தகத்தோடு போனால் அந்த இ.டி.ஏ. வீண்.

குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் கட்டாயம். அம்மாவின் புத்தகத்தில் பிள்ளையின் பெயரை எழுதிக் கூட்டிப்போன காலம் போய்விட்டது.

தேவகோட்டை ரஸ்தா:

ஆயாவின் பாஸ்போர்ட் பற்றி நான் சொல்கிறேன். இந்த இழையில் அதுதான் பெரிய வேலை, மற்றதெல்லாம் பின்னால் தானாக வந்துவிடும்.

நம் செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம். அது மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வரும். ராயவரம், ராமச்சந்திரபுரம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம், அது திருச்சி. 2018 முதல் நாட்டில் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று ஆகிவிட்டதால் இது முன்போல் தலைவலி இல்லை. ஆனால் காவல்துறை விசாரணை நீங்கள் எழுதிக் கொடுக்கும் முகவரிக்குத்தான் வரும். நம் ஊர்ச் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஆதாரில் ஊர்வீட்டு முகவரி இருக்கும், ஆள் சென்னையில் மகன் வீட்டில் இருப்பார்கள். காவலர் வந்து பார்த்தால் இரண்டு கட்டு வீடு பூட்டிக் கிடக்கும், காவல்காரர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "இங்கே வசிக்கவில்லை" என்று அறிக்கை போனால் கோப்பு நின்றுவிடும். ஆயா எங்கே இருக்கிறார்களோ அந்த முகவரியைக் கொடுங்கள். ஊர்வீடுதான் என்றால் விசாரணை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.

பெயர்: ஆதாரில் மீனாட்சி என்று இருந்தால் மீனாட்சி என்றே போகட்டும். "ஆச்சி" சேர்ந்த வங்கிப் புத்தகத்தைச் சான்றாகக் கொடுக்க வேண்டாம். இரண்டும் பார்த்தால் கேள்வி வரும். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டுமே என்று பயப்படாதீர்கள். 2023 அக்டோபர் 1-ம் தேதியோ அதற்குப் பின்போ பிறந்த குழந்தைக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் ஒன்று மட்டுமே செல்லும் என்று விதி வந்திருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பான் அட்டை, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று வழிகள் உண்டு. கணவர் பெயர் போடுவதற்குத் திருமணச் சான்றிதழ் கேட்பதும் 2016 இறுதியில் நின்றுவிட்டது.

36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். புதிதாக எடுக்கும் 60 வயது கடந்தவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி. தத்கால் என்றால் மேலே 2,000. நாள் இருக்கும்போது தத்காலுக்குப் போவது பணத்துக்குப் பிடித்த கேடு.

புதுவயல் ரைஸ்மில்:

இன்னொரு சந்தேகம். எங்கள் பெரியம்மா பத்தாவது படிக்காதவர். அப்படிப்பட்டவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று முத்திரை விழும், வெளிநாடு போகத் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். ஆயாவுக்கும் அப்படித்தானா?

செக்காலை டிக்கெட்:

இல்லை. 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வேலைக்குப் போகிறவர்களைக் காக்க வந்த ஏற்பாடு அது; பட்டியலில் 18 நாடுகள், பெரும்பாலும் அரபு நாடுகள், அவற்றோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை. பெரியம்மா தைரியமாகப் போகலாம்.

பள்ளத்தூர்ப் பேத்தி:

நன்றி அண்ணே. அப்பச்சியின் பெயரில் ஒரு சிக்கல் இருப்பதை எழுத மறந்துவிட்டேன். அவர்கள் பிள்ளை கூட்டி வந்தவர்கள், அதாவது சுவீகாரம் வந்தவர்கள். பள்ளிச் சான்றிதழில் பெற்ற தகப்பனார் பெயர், பாஸ்போர்ட்டில் கூட்டிக்கொண்டவர் பெயர். புதுப்பிக்கும்போது இதைத் தோண்டுவார்களா?

தேவகோட்டை ரஸ்தா:

பழைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே புதுப்பித்தால் பள்ளிச் சான்றிதழை எடுத்து நீட்ட வேண்டிய வேலையே இல்லை. கேட்காததைக் காட்டாதீர்கள். முதல்முறை விண்ணப்பிக்கும் வீடுகளுக்காகச் சொல்கிறேன்: பதிவு செய்த சுவீகாரப் பத்திரம் இருந்தே ஆகவேண்டும் என்பதையும் 2016 இறுதியில் தளர்த்தினார்கள். உள்நாட்டுச் சுவீகாரத்துக்கு வெள்ளைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். நம் பக்கம் பாதி வீட்டில் சுவீகாரம் கோயில் மாலையோடும் மொய்ப்பண ஏட்டோடும் நடந்தது. பத்திரத்துக்கு எங்கே போவது? அந்த வகையில் உருப்படியான மாற்றம்.

அதைவிடப் பெரிய தொல்லை விலாசம். அதாவது பெயருக்கு முன்னால் நாலைந்து எழுத்து போட்டுக்கொள்வது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். நாலு எழுத்தையும் விரித்தால் பூட்டன் வரைக்கும் பெயர் நீளும். தகப்பனார் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செக்காலை டிக்கெட்:

இதோடு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர், இட்டபெயர் என்று இரண்டு கட்டம். கப்பல் டிக்கெட்டிலும் இ.டி.ஏ.விலும் அதே வரிசையில், அதே எழுத்தில் ஏற்றுங்கள். வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். நம் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் 7 இலக்கம். அந்த முதல் எழுத்துக்குப் பின்னால் வட்டமாக எது வந்தாலும் அது சைபர்தான், 'ஓ' இல்லை. இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி இ.டி.ஏ. பிரச்சினை தீரும்.

கொப்புடையாள் துணை:

இலங்கை இந்தியருக்கு விசாவை எடுத்துவிட்டதாகச் செய்தியில் வந்ததே. அப்புறம் இந்த இ.டி.ஏ. எதற்கு?

செக்காலை டிக்கெட்:

கட்டணத்தை விட்டுக்கொடுப்பது வேறு, அனுமதியையே எடுத்துவிடுவது வேறு. "இலவச விசா" என்று தலைப்பு வந்தால் நம்மவர்கள் "விசா வேண்டாம்" என்று படித்துக்கொள்கிறார்கள். காசு இல்லாவிட்டாலும் விண்ணப்பம் உண்டு. வந்திறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்து அச்சிட்டு வையுங்கள். கப்பலில் ஏற்றும் முன்னே அதைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் நாகையிலேயே நின்றுவிட நேரும்.

பழைய வலைப்பதிவுகளை நம்ப வேண்டாம். 2024-ல் இலங்கை அரசு விசா வேலையை வெளி நிறுவனங்களிடம் கொடுத்தது. வழக்கு வந்து அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அதை நிறுத்திவைத்தது. செப்டம்பர் இறுதியில் பழைய இ.டி.ஏ. முறை திரும்பிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் எழுதியதெல்லாம் இப்போது குழப்பும். தேடினால் அரசுத் தளம் போலவே தோன்றுகிற தரகர் தளங்கள் முதலில் வந்து நிற்கும். முகவரி 'கவ்' புள்ளி 'எல்கே' (gov.lk) என்று முடிகிறதா என்று பாருங்கள். சுற்றுலா அனுமதி 30 நாளுக்கு. திரும்பும் டிக்கெட்டும், தங்கும் இடத்தின் முகவரியும் கையில் இருக்கட்டும்.

கானாடுகாத்தான் பெரியவர்:

உங்கள் ஐயா கப்பலில் போனார் என்று ஆயா சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கப்பலுக்கும் காகிதம் உண்டு என்பதை ஆயாவிடம் சொல்லுங்கள்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுகரையில் மறுபடி ரயில். காரைக்குடி வழியாக ராமேசுவரம் போகும் வண்டியை இன்றைக்கும் ஊரில் போட் மெயில் என்கிறோம், அந்தப் பழக்கம்தான். அன்று பாஸ்போர்ட் என்ற பேச்சே இல்லை. கடைப் பொறுப்பாளரான மேலாளும் அவருக்குக் கீழே அடுத்தாளும் மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தோட்டக் கூலிகளை மட்டும் மண்டபம் முகாமில் நிறுத்தி, உடம்பைச் சோதித்து அனுப்பினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியது. இலங்கை 1948-ல் குடிவரவுச் சட்டம் போட்டு, 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து பாஸ்போர்ட், விசா, தாற்காலிகத் தங்கும் அனுமதி. அந்த அனுமதி புதுப்பிக்கப்படாமல் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய கடைகள் எத்தனையோ. உங்கள் ஐயா 50-களில் கொழும்பில் இருந்திருந்தால் அவர் பெட்டகத்தில் ஒரு சின்னப் புத்தகம் கட்டாயம் கிடக்கும், முத்திரை முத்திரையாக. தேடிப் பாருங்கள். அதை ஆயாவிடம் காட்டினால் மதுரைக்குப் போக மறுக்க மாட்டார்கள்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடி, 80-களின் தொடக்கத்தில் அங்கே கலவரமும் போரும் வரவே அதுவும் நின்றது. 2011-ல் தூத்துக்குடி–கொழும்பு ஒன்று தொடங்கிச் சில மாதத்தில் முடிந்தது. நாகையில் இந்தக் காங்கேசன்துறை சேவையைத் தொடங்கியது 2023 அக்டோபர் 14-ல். வடகிழக்குப் பருவமழை வந்து ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில்தான் வேறு கப்பலோடு மறுபடி ஆரம்பம். நாகை நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. பினாங்கு போகிறவர்கள் ராஜுலா கப்பலில் ஏறிய துறைமுகம் அது.

கோட்டையூர்க் கே.எல்.:

மலேசியப் பையன் பற்றி யாரும் எழுதவில்லையே. நானும் அதே ரகம், அதனால் சொல்கிறேன். குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் இலங்கைக்குள் நுழைவதுதான் கேள்வி. அவனுக்கு இந்தியாவுக்குள் திரும்பி வருவது எப்படி என்பதே கேள்வி.

முதலில், எத்தனை நுழைவு? 30 நாள் இ-சுற்றுலா விசாவில் இரண்டு முறை நுழையலாம். கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் இறங்கியது ஒன்று, இலங்கையிலிருந்து திரும்புவது இரண்டு. ஆக எண்ணிக்கை சரி. ஆனால் 30 நாள் என்பது நாள் கணக்கு. ஊரில் மூன்று வாரம் இருந்துவிட்டு நல்லூர் போனால் திரும்பும்போது விசா முடிந்திருக்கலாம். ஒரு வருட விசா என்றால் பலமுறை நுழையலாம்.

இரண்டாவது, இதை யாரும் கவனிப்பதில்லை. இ-விசாவில் எந்தச் சோதனைச்சாவடி வழியாகவும் வெளியே போகலாம். உள்ளே வருவதற்கு மட்டும் அரசு குறித்துக் கொடுத்த விமான நிலையங்களும் துறைமுகங்களும்தான். நாகப்பட்டினம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாத் தளத்தில் பயணத்துக்கு முன் அவனே பார்த்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எல்லோரோடும் கப்பலில் போகட்டும், திரும்பும்போது யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் ஏறட்டும். இலங்கைக்கு அவனும் தனியாக இ.டி.ஏ. எடுக்க வேண்டும், மலேசியப் பாஸ்போர்ட்டின் பேரில்.

ஓ.சி.ஐ. (வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை எடுத்திருந்தால் இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை. அட்டையும் மலேசியப் பாஸ்போர்ட்டும் இரண்டும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மான் குடும்பம் இத்தனை வருடமாக அதை எடுக்காமல் இருப்பது சோம்பல் என்றுதான் சொல்வேன்.

பள்ளத்தூர்ப் பேத்தி:

சோம்பல்தான், அம்மானிடம் அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். ஒரு வருட விசா எடுக்கச் சொல்லியாகிவிட்டது. திரும்புவதற்குப் பலாலி விமானம்தான் பார்க்கிறான்.

பெரியவருக்கு: பெட்டகத்தில் தேடினோம். புத்தகம் கிடைத்தது. ஐயாவின் படம் ஒட்டி, தலைமன்னார் முத்திரையோடு. ஆயா ஒன்றும் சொல்லவில்லை, "எனக்கும் இப்படி ஒண்ணு எடு" என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த வாரம் மதுரை.

நல்லூர் மேற்கு வீதி:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். காங்கேசன்துறையில் குடிவரவு வரிசை பெரிது இல்லை, ஆனால் ஒரு கப்பல் ஆட்கள் ஒரே நேரத்தில் இறங்குவதால் நேரம் எடுக்கும். வருகை அட்டையில் தங்கும் இடம் கேட்பார்கள். "நல்லூர்" என்று மட்டும் எழுதாமல் விடுதியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுங்கோ. உறவினர் வீடு என்றால் அவர்களின் முழு விலாசம்.

தேருக்கு வாறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். திருவிழா 25 நாள், ஆவணி அமாவாசையில் தீர்த்தம், தேர் அதற்கு முதல் நாள். அந்தக் கிழமையில் விடுதி கிடைக்காது. இடம் பிடித்துவிட்டுக் கப்பல் டிக்கெட் எடுங்கோ.

பாஸ்போர்ட் தொலைந்தால் பதற வேண்டாம். பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியோடு யாழ்ப்பாணத்தில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போனால், நாடு திரும்புவதற்கு மட்டும் அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள். கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வேறு பையில் வைத்திருந்தால் வேலை சுலபம்.

புதுவயல் ரைஸ்மில்:

கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும் என்கிறார்களே, அப்போது 30 நாள் அனுமதி தாண்டினால்?

செக்காலை டிக்கெட்:

ஆவணியில் அந்தப் பயம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில்தான் சேவையையே நிறுத்துகிறார்கள். எப்படியும் 30-வது நாளில் திரும்புகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள், கடைசியில் ஒரு வாரம் இடைவெளி இருக்கட்டும். ஆயாவின் மாத்திரைகளைக் கணக்குக்கு மேல் பத்து நாளைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் சீட்டோடு. கழற்றிய மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போகாமல் அட்டையோடு வையுங்கள்.

இந்திய ரூபாய் ஆளுக்கு 25,000 வரைதான் கையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் வேண்டுமானால் டாலராக மாற்றி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர்ப் பேத்தி:

கடைசியாக ஒன்று. ஆயா தேருக்குப் போகிறோம் என்று கெட்டிக் கழுத்துரு (கல்யாணத் தாலி நகை) தவிர எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளத் தயாராகிறார்கள். ரெட்டை வடச் சங்கிலி, வைர பேசரி (மூக்குத்தி), வளையல். இதற்கும் காகிதமா?

செக்காலை டிக்கெட்:

இதற்குத்தான் முக்கியமாகக் காகிதம். போகும்போது யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். திரும்பி நாகையில் இறங்கும்போது "இலங்கையில் வாங்கியதா?" என்று சுங்கத்தில் கேட்டால், இது நம்முடையது என்று காட்ட ஏதாவது வேண்டும். கிளம்பும் நாளில் சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். நகை மதிப்பீட்டாளரிடம் எடையும் விவரமும் எழுதி வாங்கிய தாள், நகையின் படம், பழைய ரசீது எது இருக்கிறதோ அது, எல்லாம் முதல்நாளே தயாராக இருக்க வேண்டும். கப்பல் காலையில் கிளம்புவதால் அந்த நேரத்தில் போய் எடை போட்டுக்கொண்டிருக்க முடியாது. முதல்நாள் இரவே நாகையில் தங்கிவிடுங்கள். காரைக்குடி–திருவாரூர் ரயிலில் போய் அங்கிருந்து நாகை பக்கம்தான், ஆனால் நேரம் ஒத்துவராது. கார் நல்லது.

என்னைக் கேட்டால் ஒரு சங்கிலி, வளையல் போதும்.

தேவகோட்டை ரஸ்தா:

வைர பேசரியைக் கழற்றச் சொல்லி ஆயாவிடம் யார் பேசுவது? சான்றிதழே வாங்கிவிடுங்கள்.

நல்லூர் மேற்கு வீதி:

ஆம்பிளையள் கோயிலுக்குள்ள சட்டை போடக்கூடாது, அதையும் சொல்லி வையுங்கோ. வேட்டி எடுத்து வரட்டும்.